தெக்ளாவைப் பார்த்ததும் அடங்குகிற ஃபேன்

வட துருவம் இப்போது இருக்கிற இடத்திலேயே இருப்பதற்குக் காரணம் தெக்ளா சூப்ரிட்ஸ்கி. அவள் மட்டும் இல்லையென்றால் அது எப்போதோ நகர்ந்து வந்து எங்கள் ஊர் தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியேறியிருக்கும். வெள்ளைக் கரடிகள் ஐஸ் ரிங்க் கேன்டீனில் வரிசையில் நின்று உருளைக்கிழங்கு வறுவல் கேட்டிருக்கும். அந்தக் கேன்டீனில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இப்போது வருகிற கரடிகளையே என்னால் சமாளிக்க முடியவில்லை. தெக்ளா தன் நீல வேனிலிருந்து இறங்கி பெல்ட்டை இழுத்துவிட்டால் பனிப்புயல் ஒரு நிமிடம் நின்று யோசிக்கும். அவள் வீட்டைச் சூடாக்குகிற ஒரு ஃபர்னஸின் முன்னால் நின்று இருமினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். இதில் பாதி பொய். எந்தப் பாதி என்று சொல்ல மாட்டேன்.

பொய் இல்லாத பாதி இது. தெக்ளா அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. யார்க்டன் நகரத்துக்கு வடக்கே எண்பது கிலோமீட்டருக்குள் எந்த வீட்டு நிலவறையில் ஃபர்னஸ் மக்கர் பண்ணினாலும் அவள்தான் வந்தாக வேண்டும். சஸ்காட்செவன் மாகாணத்து ஜனவரியில் ஃபர்னஸ் நின்றுபோனால் விடிவதற்குள் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும். அதனால் எங்கள் ஊரில் பாதிரியாரின் போன் நம்பர் தெரியாதவர்கள் உண்டு, தெக்ளாவின் நம்பர் தெரியாதவர்கள் கிடையாது.

அவளுக்கு மூன்று அண்ணன்கள். பண்ணையில் இருந்த டிராக்டர் மூன்றையும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது மாட்டுக் கொட்டகையின் ஹீட்டர் மட்டும்தான். ஒன்பது வயதில் அதைக் கழற்றிப் போட்டாள். பத்து வயதில் திரும்பப் பூட்டினாள். இடையில் இருந்த குளிர்காலத்தைப் பற்றி மாடுகளிடம்தான் கேட்க வேண்டும். பிறகு மூஸ் ஜா நகரத்துத் தொழிற்கல்லூரி. வகுப்பில் இருபத்து மூன்று பையன்கள், இவள் ஒருத்தி. முதல் நாளே எவனோ அவளுடைய கருவிப்பெட்டிக்குள் செத்த அணில் ஒன்றைப் போட்டுவைத்தான். அக்கா கத்தவில்லை, யாரிடமும் புகார் சொல்லவும் இல்லை. இரண்டு நாள் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் அந்த அணில் அவன் காரின் ஹீட்டருக்குள் இருந்தது. ஏப்ரல் வரை அவன் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினானாம். இந்தக் கதையைக் கேட்ட அன்றைக்கு நான் அவளுக்கு ரசிகையானேன். பத்தாம் வகுப்போடு நான் கும்பிடு போட்ட பள்ளியில் இந்த மாதிரி எதையும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒருமுறை கல்யாணம் ஆனது. ஒன்றரை வருஷத்தில் ஆள் ரெஜினா நகரத்துக்கு வேலை தேடிப் போய் அங்கேயே இருந்துவிட்டார். அவருடைய அம்மாவின் ஃபர்னஸை இன்றைக்கும் அக்காதான் பார்க்கிறாள். "கெழவி என்ன பண்ணுச்சு? பெத்தது மட்டும்தானே அதோட தப்பு," என்பாள்.

வேலை பார்க்கிற விதமும் தனி. நேராகப் போய் எதையும் கழற்ற மாட்டாள். நிலவறைப் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து, சூரியகாந்தி விதையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பாள். "ஃபர்னஸ் பொய் சொல்லாது. வீட்டுக்காரங்கதான் சொல்வாங்க."

இப்படிப்பட்டவள் போன அக்டோபரில் தேவாலயத்துக் கூடத்தில் பெரொஹி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது, மாவுக்கையோடு ஒரு விஷயம் சொன்னாள். மேற்கே கெலோனாவில் இருக்கிற அவளுடைய சொந்த அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம். அங்கே பனி முழங்காலுக்கு மேல் வராது, ஆப்பிள் தோட்டத்து வீட்டில் தனி அறை இருக்கிறது. ஜனவரி பத்தாம் தேதி போகிறாளாம், திரும்பி வரப்போவதில்லையாம்.

நான் வீட்டுக்கு வந்து இதை யாரெமா மாமாவிடம் சொன்னேன்.

யாரெமா மாமா என் அம்மாவின் தம்பி. அம்மா வடக்கே எண்ணெய் வயல் சமையலறையில் வேலை பார்க்கிறாள், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள். மற்ற நாளெல்லாம் நானும் மாமாவும்தான். மாமா நகராட்சியின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுவார், ஞாயிற்றுக்கிழமை அதற்கும் விடுமுறை. ஆனால் பனி விழுந்த காலைகளில் அவருடைய வண்டி முதலில் சுத்தம் செய்கிற தெரு எது தெரியுமா? மருத்துவமனைத் தெரு இல்லை, பள்ளித் தெரு இல்லை. தெக்ளா அக்காவின் தெரு. அந்தத் தெருவில் இருப்பதே நான்கு வீடு. பன்னிரண்டு வருஷமாக இது நடக்கிறது. ஊருக்கே தெரியும், சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் மட்டும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நான் சொன்னதைக் கேட்டு மாமா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். ரொட்டியின் ஒரு பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கமும் தடவினார். அப்புறம் விளிம்பில் தடவினார்.

"போய்ச் சொல்லுங்க மாமா."

"என்னத்த?"

"போகாதேன்னு."

"சொல்ல வேலை வேணுமே," என்றார். அதாவது, வேலை எதுவும் இல்லாமல் ஒரு வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது என்று அர்த்தம். எங்கள் ஊர் ஆண்களுக்கு இது பொதுவான நோய்.

வேலை வேண்டுமா, நவம்பர் பிறந்ததும் வேலை உண்டாக்கினேன். இதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. குளிர்காலத்தில் எனக்குப் பொழுது போகாது, வேடிக்கைக்குத்தான் செய்தேன்.

எங்கள் வீட்டு ஃபர்னஸ் என்னைவிட இருபது வயது மூத்தது. அதன் ஃபேன் ஓடினால் அலமாரியில் தட்டெல்லாம் பேசும். முன்னறைச் சுவரில் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் பெட்டியில் ஃபேனுக்கென்று ஒரு குட்டிச் சுவிட்ச் உண்டு. 'ஆட்டோ'வில் இருந்தால் தீ எரியும்போது மட்டும் ஃபேன் ஓடும். 'ஆன்'னில் தள்ளினால் ராப்பகலாக ஓடும். தள்ளினேன். மாமா இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். பிறகு நானே போன் போட்டேன்.

"தெக்ளாக்கா, எங்க வீட்டு ஃபேன் நிக்கவே மாட்டேங்குது."

"சூடு வருதா?"

"வருது. அது அடங்கினப்புறமும் வெறும் காத்து வந்துட்டே இருக்கு. மாமாவுக்குத் தூக்கமே இல்ல, பாவம்."

"சுவத்துல இருக்கிற பெட்டியில ஃபேன் எதுல இருக்கு? ஆட்டோவா, ஆனா?"

"ஆட்டோ," என்றேன், 'ஆன்'னில் விரலை வைத்துக்கொண்டே.

"அப்படியா," என்றாள். விதை கடிபடுகிற சத்தம் கேட்டது. "சரி, வரேன்."

வேன் வெளிச்சம் வாசலில் திரும்பியதும் ஓடிப்போய் 'ஆட்டோ'வுக்குத் தள்ளிவிட்டேன். அவள் பூட்ஸைக் கழற்றி உள்ளே வருவதற்கும் ஃபேன் பெருமூச்சு விட்டு நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"பாத்தியா, என்னைப் பாத்ததும் அடங்கிட்டான்," என்றாள். "இந்த மாதிரி கேசுதான் மோசம். இருக்கிற கோளாறைக் கண்டுபிடிச்சிடலாம். வந்து வந்து போற கோளாறுக்கு உக்காந்து காத்திருக்கணும். காபி இருக்கா யாரெமா?"

"இருக்குங்க."

"எட்டு வருஷம் ஒரே வகுப்புல படிச்சோம். என் சாப்பாட்டு டப்பாவுலேர்ந்து நீ திருடித் தின்ன முட்டைக்குக் கணக்கே இல்ல. இப்ப என்ன 'ங்க'?"

மாமா காபி போட்டார். ஃபேனுக்காகக் காத்திருந்தார்கள். அது ஓடவில்லை, எப்படி ஓடும்? நான் என் அறைக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரத்தில் மாமாவின் குரல் ஏழு தடவை கேட்டது. எங்கள் வீட்டில் அது மாநாடு.

அடுத்த வாரம் மறுபடி தள்ளினேன். இந்தத் தடவை அவள் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றி, பச்சை வயரைப் பிடித்துக் காட்டி மாமாவிடம் சொன்னாள்: "ஃபேனை ஓடச் சொல்றது இந்த வயர்தான். இதைக் கழட்டினதும் நின்னுட்டா கோளாறு மேல, இந்தப் பெட்டியில. கழட்டியும் ஓடுச்சுன்னா கோளாறு கீழ, நிலவறையில. அவ்வளவுதான் வித்தை." மாமா அந்தப் பச்சை வயரைக் கல்யாண மோதிரத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பிறகு காபி. பனி தள்ளும் தகட்டை எந்தக் கோணத்தில் வைத்தால் சரளைக்கல் பெயராது என்று மாமா இருபது நிமிடம் பேசினார். மனிதர்கள் காதலைச் சொல்ல எத்தனையோ வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் இது எனக்கே புதுசு.

மூன்றாவது தடவை மாமா சவரம் செய்திருந்தார். டிசம்பரில், நான்காவது தடவை, அவள் கசகசா ரொட்டி கொண்டுவந்தாள். ஃபேனைப் பார்க்க வருகிறவள் ரொட்டி எதற்குக் கொண்டுவருகிறாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். என் தந்திரத்தை நானே மெச்சிக்கொண்டிருந்ததில் எனக்கு நேரம் இல்லை.

அன்றைக்குத்தான் பேச்சுவாக்கில் சொன்னாள்: "இப்பல்லாம் கிறிஸ்துமஸுக்கு மேஜைத் துணிக்கு அடியில ஒரு பிடி வைக்கோல் வைக்கிறாங்க, ஆஸ்பத்திரி மருந்து மாதிரி. எங்க வீட்ல தரை முழுக்க முழங்கால் வரைக்கும் போடுவாங்க. அதுல புரண்டு கொட்டை தேடுவோம். மூணு அண்ணனும் என் காலைப் பிடிச்சு இழுப்பானுங்க." சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "கெலோனால வைக்கோல் கிடைக்குமான்னு தெரியல."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "ஜனவரி ஆறு... இங்க வா. சாப்பிட."

"கூப்பிட்டுட்டியே! சரி, வரேன். கடைசிக் கிறிஸ்துமஸ், எங்கயாவது சாப்பிடணும் இல்ல?"

'கடைசி' என்ற வார்த்தை மேஜைமேல் அப்படியே கிடந்தது. மாமா அதன்மேல் ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தார்.

பழைய காலண்டர்படி எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. முந்தைய நாள் மாலை முதல் நட்சத்திரம் தெரிந்ததும் பன்னிரண்டு வகைச் சாப்பாடு, இறைச்சியும் பாலும் கிடையாது. மாமா மூன்று நாள் லீவு போட்டுச் சமைத்தார். பீட்ரூட் சூப், முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சோறு, மீன், பெரொஹி என்று எண்ணிக்கை சரியாகப் பன்னிரண்டு வந்தது, என்னுடைய கருகிய பீன்ஸையும் சேர்த்தால். ஆறாம் தேதி மதியம் வண்டியில் ஒரு முழு வைக்கோல் கட்டைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு பிடி இல்லை, கட்டு.

"மாமா, மாடு எப்ப வருது?"

"பேசாம பிரி."

பிரித்தோம். தரை தெரியாமல் பரப்பி, மூலைகளில் கொட்டைகளை வீசினார். மேஜைக்கு அடியில் மட்டும் நிஜமாகவே முழங்கால் வரை இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, மாமா தன் ஆயுளில் முதல் தடவையாக விசில் அடித்தார்.

நாலு மணிக்கு எனக்கு மூக்கு சில்லிட்டது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நிற்காமல் ஓடியது. சுவரில் பன்னிரண்டு டிகிரி. வெளியே மைனஸ் முப்பத்து நாலு. சூடு வருகிற தரைத் துவாரத்தில் கையை வைத்தால் வந்தது பச்சைக் குளிர்காற்று. ஓடிப்போய் சுவிட்சைப் பார்த்தேன். 'ஆட்டோ'. நான் தொடவே இல்லை. என் வாழ்க்கையில் நான் நிரபராதியாக இருந்த ஒரே நாள், அதை யாரிடமும் சொல்ல முடியாத நிலைமை. மேஜையில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. பூவேலைச் சட்டைக்கு மேல் மாமா கோட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். நாலு நாளில் போகிறவள், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒரே ஒரு மாலை, வீட்டில் பல் கிடுகிடுக்கிறது. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேடிக்கை எல்லாம் போய்விட்டது.

தெக்ளா அக்கா வந்தாள். கையில் கருவிப்பெட்டி இல்லை. பச்சைக் கவுன் போட்டிருந்தாள். அவளுக்குக் கணுக்கால் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே கால் வைத்தவள் வைக்கோலைப் பார்த்து நின்றுவிட்டாள். குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். அப்புறம் குளிர் உறைத்தது.

"என்ன யாரெமா, வைக்கோல் போட்டதோட கொட்டகையாவே ஆக்கிட்டியா?"

"ஃபேன்," என்றார் மாமா. "நிஜமா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். சுவிட்சைப் பார்த்தாள். மூடியைக் கழற்றி, என் தலையிலிருந்து ஹேர்பின் ஒன்றை உருவி, பச்சை வயரை விடுவித்தாள். அப்போதும் ஃபேன் ஓடியது.

"ஏய், இது நெசமாவே கெட்டிருக்கு!" என்று ஏதோ பரிசு விழுந்தது மாதிரி கத்திவிட்டு, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

கடைசிப் படியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். பத்து விநாடிதான். "மூச்சு முட்டுது இவனுக்கு. தீ இல்ல, ஃபேன் மட்டும் அலறுது. ஃபில்டர் எப்ப மாத்தினே?"

"போன வாரம்."

"அப்ப அதுல என்ன இருக்கு?"

பக்கவாட்டு மூடியைத் திறந்து ஃபில்டர் அட்டையை உருவினாள். அட்டை வரவில்லை. ஒரு நாரைக்கூடு வந்தது. வைக்கோலும் உமியும் தூசியும் ஒரு கொட்டையும். எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு நேர் கீழேதான் ஃபர்னஸ் மூச்சை இழுக்கிற துவாரம் இருக்கிறது, பெரிய கம்பி மூடி போட்டது. முழங்கால் வரை வைக்கோலை அதன்மேல்தான் கொட்டியிருக்கிறோம். உறிஞ்ச முடிந்த வரை உறிஞ்சியிருக்கிறது.

அக்கா அந்தக் கூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காத்தே போகலைன்னா இவன் உடம்பு கொதிக்கும். கொதிச்சா உள்ள ஒரு காவல்கார சுவிட்ச் தீயை அணைச்சிடும், ஃபேனை மட்டும் நிறுத்தாது. சூடு ஆறட்டும், ஆறட்டும்னு ஓட்டிட்டே இருக்கும். இருபத்து ரெண்டு வருஷமா பாக்கறேன், ஃபர்னஸுக்கு வைக்கோல் போட்ட ஆளை இப்பதான்டா பாக்கறேன்! யாருய்யா இவ்வளவு போடச் சொன்னது?"

"நீதான்," என்றார் மாமா.

"நானா?"

"முழங்கால் வரைக்கும்னு சொன்னே."

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கையிலிருந்த கூட்டைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு வேலை இருக்கிறவள் மாதிரி வேகமாகத் திரும்பி, உள்ளே மிச்சம் இருந்ததை எல்லாம் கையால் வழித்து எடுத்தாள். அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை என்று எனக்கே தெரியும்.

நான் மேலே ஓடி மேஜைக்கு அடியிலிருந்த வைக்கோலைத் துவாரத்தை விட்டுத் தள்ளினேன். ஐந்து நிமிடம் கழித்து கீழே 'புஸ்' என்று தீ பிடித்தது. துவாரங்களில் சூடு ஏறியது. முதல் நட்சத்திரம் எப்போதோ வந்து எங்களுக்காகக் காத்திருந்தது. சூப்பைச் சுடவைத்து உட்கார்ந்தோம். முதலில் குட்யா: தேனும் கசகசாவும் போட்ட வேகவைத்த கோதுமை. ஒரு கரண்டி அள்ளிக் கூரையில் வீச வேண்டும். எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு நல்ல வருஷம். மாமா வீசியது விளக்கில் விழுந்தது. நான் வீசியது மாமாவின் மேல் விழுந்தது, குறி பார்த்துத்தான். அக்கா எழுந்து நின்று, தோளைச் சுழற்றி வீசினாள். ஒரு கோதுமைகூடக் கீழே வரவில்லை.

"பாத்துக்கோ," என்றாள்.

"போகாதே தெக்ளா," என்றார் மாமா.

அந்த வேகத்திலேயே வந்துவிட்டது. வந்ததைப் பார்த்து அவரே பயந்துபோனார்.

"ஏன்?"

மாமாவின் காது பீட்ரூட் ஆனது. பன்னிரண்டு வருஷத்துப் பேச்சு மொத்தமும் உதடு வரை வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் வெளியே வந்தது இதுதான்: "ஃபேன் திரும்ப ஓடுச்சுன்னா?"

நான் மேஜையில் தலையை முட்டிக்கொண்டேன். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. கரண்டியால் சூப்பைக் கொஞ்ச நேரம் கலக்கினாள்.

"கெலோனால குளிரே இல்ல," என்றாள். "ஃபர்னஸ் கெடாத ஊர்ல நான் என்ன பண்ணப்போறேன், ஆப்பிளுக்குக் காவலா?" போனை எடுத்து நம்பரைத் தட்டி, மாமாவின் கையில் வைத்தாள். "எங்கக்கா. நான் வரலைன்னு நீயே சொல்லு. காரணம் கேப்பா. ஃபேன்னு சொல்லாதே."

மாமா போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். நான் எண்ணினேன், பதினோரு முழு வாக்கியம். நடுவில் ஒன்றில் 'எனக்கு' என்று ஆரம்பித்து நீளமாக ஏதோ சொன்னார். கெலோனா அக்கா அந்தப் பக்கம் கத்தியது வைக்கோல் வரை கேட்டது. சந்தோஷக் கத்தல்தான்.

முன்னறையில் நானும் தெக்ளா அக்காவும் மட்டும். அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"ராத்திரி விளக்கு எரியிற வீட்ல முன் ஜன்னலுக்கு நேரா தெர்மோஸ்டாட். வேனைத் திருப்பறப்பல்லாம் ஒரு குரங்கு ஓடி வந்து சுவத்தைத் தடவுறது சினிமா மாதிரி தெரியும். நாலு தடவை பாத்தேன்."

எனக்குக் காது சுட்டது. "தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"காபி நல்லாருந்துச்சு."

"நான் சும்மா வேடிக்கைக்குத்தான் பண்ணேன்கா. பொழுது போகல."

"ஓ. வேடிக்கைக்கு." விதை ஒன்றைக் கடித்தாள். "அப்ப நாங்க பேசிட்டிருந்தப்பல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு மூக்கை உறிஞ்சினது யாரு?"

"சளி."

"நவம்பர்லேர்ந்தா?"